இரண்டு டர்போ, ஒரு பூஸ்ட் கன்ட்ரோலர், மக்கிப்போன ஓஸ்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த பூஸ்ட் கன்ட்ரோலரை (டர்போ இன்ஜினுக்குள் ஊதும் காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, கட்டுப்படுத்தும் பெட்டி) நான் வாங்கியது தப்பான காரணத்துக்காக. வண்டியில் பூஸ்ட் ஓர் இடத்தில் நிற்கவில்லை, ஒரு நாள் ஏறுகிறது, ஒரு நாள் இறங்குகிறது. சரி, பழைய சோலினாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) செத்துவிட்டது போல, மின்னணுப் பெட்டி ஒன்றை வைத்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்து வாங்கினேன். பெட்டி வந்தது, அதைப் பொருத்துவதற்காகப் பழைய ஓஸ்களைக் கழற்ற ஆரம்பித்தேன், கழற்றக் கழற்றத்தான் நோய் வேறு இடத்தில் இருப்பது தெரிந்தது. பெட்டியைத் தொடும் முன்பே வண்டி சரியாகிவிட்டது. அப்புறம் எதற்கு அதைப் பொருத்தினாய் என்று கேட்பீர்கள். பொருத்தினேன், மூன்று மாதமாக ஓட்டுகிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி நிசான் 300 இசட்.எக்ஸ், இசட்32 ட்வின் டர்போ. 3 லிட்டர் வி6, பக்கத்துக்கு ஒரு டர்போ, காற்றைக் குளிர்விக்கும் ஒரு இன்டர்கூலர், காற்றை உள்ளே விடும் ஒரு த்ராட்டில். 1989இல் வந்த வடிவமைப்பு. அமெரிக்காவுக்கு 300 குதிரைத்திறன் என்றும் ஜப்பானுக்கு 280 என்றும் சொல்லி விற்றார்கள். பானெட்டைத் திறந்தால் விரல் நுழைய இடம் இருக்காது. ஒரு ஸ்பேனர் கை நழுவி உள்ளே விழுந்தால் கீழே சத்தமே கேட்காது, எங்கேயோ தங்கிவிடும். என்னுடையதில் இரண்டு தங்கியிருக்கின்றன.

கன்ட்ரோலரின் பெயரை எழுதப்போவதில்லை. நாலைந்து கம்பெனிகள் கிட்டத்தட்ட இதே சாமானைத்தான் வேறு வேறு டப்பாவில் போட்டு விற்கின்றன: ஒரு சின்னத் திரை, மேனிஃபோல்டு அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, படிக்கும் ஒரு சென்சார், மூன்று வாய் உள்ள சோலினாய்டு வால்வு, ஒயர், கொஞ்சம் ஓஸ், சில டீ இணைப்புகள். நான் சொல்வதில் பாதிக்கு மேல் எந்தப் பெட்டிக்கும் பொருந்தும்.

வேஸ்ட்கேட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டலாம். டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கிறது, அது திறந்தால் புகை டர்பைனைச் சுழற்றாமல் பக்கவழியாக வெளியே போய்விடும். அந்தக் கதவைத் திறப்பது ஆக்சுவேட்டர் என்கிற டப்பா. உள்ளே ஒரு சவ்வு, ஒரு ஸ்பிரிங். பூஸ்ட் காற்று ஒரு ஓஸ் வழியாக வந்து சவ்வைத் தள்ளும், ஸ்பிரிங் தோற்கும்போது கதவு திறக்கும். இசட்32இல் ஸ்பிரிங்கை மட்டும் நம்பினால் சதுர அங்குலத்துக்கு சுமார் 5 முதல் 7 பவுண்டு அழுத்தம் (பி.எஸ்.ஐ.)தான் வரும். அதனால் கம்பெனிக்காரர்கள் அந்த ஓஸிலிருந்து கொஞ்சம் காற்றைக் கசியவிட பக்கத்துக்கு ஒரு சோலினாய்டு வைத்தார்கள். ஆக்சுவேட்டர் குறைந்த அழுத்தத்தைப் பார்த்து ஏமாறும், கதவு தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் 9 பக்கம் போய் நிற்கும். இன்ஜின் தட்டினால் (எரிபொருள் கட்டுமீறி வெடித்தால்) கம்ப்யூட்டர் அந்தச் சோலினாய்டுகளை அணைத்துவிடும், வண்டி பழையபடி ஸ்பிரிங் அழுத்தத்துக்கு இறங்கிவிடும். இசட் வைத்திருப்பவர்கள் இதைத்தான் சேஃப்டி பூஸ்ட் என்பார்கள்.

மொத்தத்தில் ஆக்சுவேட்டரை ஏமாற்றுவதுதான் பூஸ்ட் கன்ட்ரோல். அதனால் ஒரு விஷயம் நாம் நினைப்பதற்கு நேர்மாறாக நடக்கும்: ஆக்சுவேட்டருக்குப் போகும் ஓஸில் ஓட்டை விழுந்தால் பூஸ்ட் குறையாது, கூடும். ஓஸே கழன்று விழுந்தால் கதவு திறக்கவே திறக்காது, இரண்டு டர்போவும் மூச்சு உள்ளவரை ஊதும். பழைய ரப்பர் என்றால் பவர் குறையும், அவ்வளவுதானே என்று அசட்டையாக இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் வண்டியில் இருந்த கூத்து இது: மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தால் 11.5 வரை ஒரு துள்ளல், உடனே 9க்கு இறக்கம், 6,000 ஆர்.பி.எம். வரும்போது 7. ஓஸ்களைப் பார்க்கலாம் என்று பிளீனம் என்கிற காற்று சேரும் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒன்றைப் பிடித்து லேசாக வளைத்தேன், காய்ந்த சுள்ளி மாதிரி படக்கென்று இரண்டாக வந்தது. அதன் முனை நிப்பிளில் பிடித்திருந்த இடம் கல்லாக இறுகி, வாய் அகன்று போயிருந்தது. இழுக்கவே வேண்டாம், தொட்டாலே உருவிக்கொண்டு வந்தது. இடது பக்கச் சோலினாய்டுக்குப் போகும் ஓஸில் நீளவாக்கில் ஒரு கீறல், வெளியே பார்த்தால் தெரியாது, விரலால் நசுக்கினால் வாய் திறக்கும். வண்டி நிற்கும்போது மூடியிருக்கும், பூஸ்ட் வந்தால் திறக்கும். ஒரு நாள் ஒரு மாதிரி இருந்ததன் ரகசியம் அதுதான்.

இன்னொரு ஓஸை ஆட்டியபோது உள்ளே ஏதோ அசைந்தது. அறுத்துப் பார்த்தால் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு, நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. காற்று எவ்வளவு வேகமாக வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ரெஸ்ட்ரிக்டர் அது. கசியவிடும் வகைச் சோலினாய்டு வேலை செய்வதே இந்தத் துளையை நம்பித்தான். பழைய ஓஸைக் குப்பையில் போட்டுவிட்டுப் பளபளப்பான சிலிகான் ஓஸ் மாட்டிய பிறகு பூஸ்ட் ஏறவே இல்லை என்று புலம்புகிறவர்களில் எத்தனை பேர் இதையும் சேர்த்துக் குப்பையில் போட்டார்களோ! தூக்கி எறியும் முன் ஒவ்வொரு ஓஸையும் விரலால் நீவிப் பாருங்கள்.

சிலிகான் ஓஸ் பற்றியும் ஒரு வார்த்தை. சுவர் தடிமனாக இருப்பதை வாங்குங்கள். மெல்லியது அழுத்தத்தில் உப்பும், வேக்குவத்தில் ஒட்டிக்கொள்ளும், இரண்டும் சோலினாய்டின் துல்லியத்தைக் கெடுக்கும். எண்ணெய் ஆவி போகிற பி.சி.வி. பக்கமும் பெட்ரோல் பக்கமும் சிலிகான் வேண்டவே வேண்டாம், ஊறிப் புசுபுசுவென்று ஆகிவிடும். எல்லா முனையிலும் ஒரு ஜிப் டை போட்டுவிடுங்கள், பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை.

ஓஸ்களை மாற்றி, பித்தளைத் துண்டைப் புது ஓஸுக்குள் வைத்து, பழைய சோலினாய்டுகளையே மறுபடி மாட்டி ஓட்டினேன். 9க்குப் போனது, நின்றது. துள்ளல் இல்லை. கன்ட்ரோலர் டப்பா ஷெல்ஃபில் சீல் பிரிக்காமல் இருக்கிறது. அன்று இரவு எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் மேலே 6,500 பக்கம் மட்டும் பூஸ்ட் இன்னும் சரிந்துகொண்டிருந்தது. அங்கேதான் ட்வின் டர்போவுக்கே உரிய தலைவலி. இரண்டு டர்போவும் ஒரே பிளீனத்துக்கு ஊதுகின்றன, கேஜ் காட்டுவது ஒரே எண். அந்த எண்ணில் எந்தப் பக்கம் உழைக்கிறது, எந்தப் பக்கம் ஏமாற்றுகிறது என்று தெரியாது. ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்று இழுக்க, மற்றது கூடவே நடந்துவந்தால் வண்டி நகரத்தான் செய்யும், இழுக்கிற மாடு எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் கேள்வி. கேஜ் உள்ள கைப்பம்பு ஒன்றை எடுத்து வண்டிக்கடியில் போய் ஒவ்வொரு ஆக்சுவேட்டருக்கும் காற்று கொடுத்துப் பார்த்தேன். இடது பக்கக் கம்பி 4 பி.எஸ்.ஐ.யிலேயே நகர ஆரம்பித்தது, வலது பக்கம் ஆறரை வரை அசையவில்லை. அதாவது இடது கதவு சீக்கிரம் திறந்துவிடுகிறது, குறையை வலது டர்போ கூடுதலாகச் சுற்றி ஈடுகட்டுகிறது, மேல் ஆர்.பி.எம்.இல் அதற்கும் மூச்சு வாங்குகிறது.

நல்லவேளை, எனக்கு முன் வைத்திருந்தவர் கம்பியில் மரை உள்ள ஆக்சுவேட்டர் போட்டிருந்தார். கம்பியின் துளை கதவின் ஊசிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எட்டாமல் நிற்கும்படி திருகி, இழுத்து மாட்டினால் ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம் முன்னழுத்தம் கிடைக்கும். சொல்ல ஒரு வரி, செய்ய ஒரு முழுப் பகல். கை போகாது, கண் போகாது, சர்க்ளிப் பறந்துபோகும், வார்த்தைகளும் பறக்கும். கடைசியில் இரண்டும் 6இல் அசைய ஆரம்பித்தன. ட்வின் டர்போ வைத்திருப்பவர்கள் கன்ட்ரோலரில் கை வைக்கும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் பெட்டிக்குத் தெரிந்ததும் அந்த ஒரே எண்தான். இடது வலது வித்தியாசத்தை எந்தப் பெட்டியாலும் சரிசெய்ய முடியாது.

சரி, இப்போது சாமானுக்கு வருவோம்.

மூன்று வாய் சோலினாய்டில் ரெஸ்ட்ரிக்டர் தேவையில்லை. ஒரு வாய்க்கு டர்போவிலிருந்து காற்று வருகிறது, ஒன்று ஆக்சுவேட்டருக்குப் போகிறது, ஒன்று வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கிறது. கரண்ட் இல்லாதபோது டர்போ காற்று நேராக ஆக்சுவேட்டருக்குப் போகும், ஸ்பிரிங் அழுத்தம் மட்டும் கிடைக்கும். கரண்ட் வந்தால் டர்போ பக்கம் அடைபட்டு ஆக்சுவேட்டர் பக்கம் வெளிக்காற்றுக்குத் திறந்துகொள்ளும், கதவு இறுக மூடியிருக்கும். பெட்டி இதை நொடிக்கு 20, 30 தடவை திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தின் விகிதத்தை மாற்றி பூஸ்ட்டைப் பிடிக்கிறது. டியூட்டி என்பது அந்த விகிதம்தான். பழைய கசிவு வகையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் மிதியிலேயே தெரிகிறது: கதவு கடைசி நிமிடம் வரை முழுதாக மூடியிருப்பதால் டர்போ சீக்கிரம் எழுந்துகொள்கிறது. நான் மிகவும் ரசித்தது இதைத்தான், கூடுதல் பூஸ்ட்டை அல்ல.

கொடுத்த தாளில் இருந்த படம் வேறு வகை வேஸ்ட்கேட்டுக்கு வரைந்தது. அதை நம்பிக் குழாய் இணைத்து, டியூட்டியைப் பூஜ்யத்தில் வைத்து, காலியான டிராக்கில் மிதித்தேன். ஸ்பிரிங் அழுத்தம் 6, அதற்கு மேல் போகக்கூடாது. ஊசி 10ஐத் தாண்டியது, 12, 14, நான் காலை எடுக்கும்போதும் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டி என்னவோ ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது, பீப் அடித்தது, அதன் லிமிட்டர் உடனே சோலினாய்டுக்குக் கரண்டை நிறுத்தியது. ஆனால் வாய்களை மாற்றி இணைத்திருந்ததால் கரண்ட் இல்லாத நிலையில்தான் ஆக்சுவேட்டர் வெளிக்காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது! காப்பாற்ற வேண்டிய லிமிட்டருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பொருத்தும் முன் ஒரு துண்டு ஓஸைச் சொருகி வாயால் ஊதிப் பாருங்கள். டர்போ வாயில் ஊதினால், கரண்ட் இல்லாதபோது ஆக்சுவேட்டர் வாயில் காற்று வர வேண்டும். பத்து நொடி வேலை. நான் செய்யவில்லை, இன்ஜின் பிழைத்தது அதன் பெருந்தன்மை.

இரண்டு ஆக்சுவேட்டருக்கும் ஒரே சோலினாய்டு போதும், இவை சின்ன டப்பாக்கள்தான். பிரிகிற இடத்திலிருந்து இரண்டு பக்கமும் ஓஸ் நீளம் சமமாக இருக்க வேண்டும், முடிந்தவரை குட்டையாகவும். காற்றை த்ராட்டிலுக்கு முன்னால் எடுங்கள். பெட்டியின் சென்சாருக்கு மட்டும் பிளீனத்திலிருந்து. பழைய சோலினாய்டுகளின் ஓஸை மட்டும் கழற்றினேன், ஒயரை அப்படியே விட்டுவிட்டேன், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை.

அமைப்புகளில் மூன்றுதான் முக்கியம். டியூட்டியை இரண்டு மூன்று சதவீதமாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும், அதுவும் மூன்றாவது அல்லது நாலாவது கியரில், ஏனென்றால் சுமை அதிகமுள்ள மேல் கியரில் அதே டியூட்டிக்குக் கூடுதல் பூஸ்ட் வரும். இரண்டாவது கியரில் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டால் நாலாவதில் திடுக்கிட வேண்டியிருக்கும். ஸ்டார்ட் பூஸ்ட் என்பது எந்த அழுத்தம் வரை கதவை முழுதாக மூடி வைக்கலாம் என்பது. இலக்குக்கு மிக அருகில் வைத்தால் துள்ளல் திரும்ப வரும், நான் மூன்று நாலு பி.எஸ்.ஐ. கீழே வைத்தேன். கெயின் என்பது இலக்கிலிருந்து விலகும்போது பெட்டி எவ்வளவு வேகமாகத் திருத்த வேண்டும் என்பது. அதிகம் வைத்தால் ஊசி நடுங்கும், அந்த நடுக்கத்தை முதுகிலேயே உணரலாம். கெயினின் அருமை குளிர்ந்த இரவில் தெரியும். கையால் திருகும் குண்டும் ஸ்பிரிங்கும் உள்ள சாதாரணக் கன்ட்ரோலர் முன்பு இருந்தபோது பகலுக்கும் இரவுக்கும் ஒரு பி.எஸ்.ஐ. வித்தியாசம் பார்த்திருக்கிறேன், இதில் ஊசி அதே இடத்தில் வந்து நிற்கிறது.

இப்போது பெட்டியில் கீழ் நிலை 9, மேல் நிலை 12 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் ஆசைப்படவில்லை. ஸ்பிரிங் அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போக முயன்றால் எக்ஸாஸ்ட் அழுத்தமே கதவைத் தள்ளித் திறக்கும் என்பது ஒரு காரணம், இந்தச் சின்ன டர்போக்கள் அதற்கு மேல் வெறும் சூடான காற்றைத்தான் ஊதும் என்பது இன்னொன்று. 12க்கு ஏற்றியதும் கம்ப்யூட்டர் ட்யூனை (எரிபொருள், தீப்பொறி அமைப்பை) மாற்றி, காற்று எரிபொருள் விகிதம் காட்டும் கேஜ் வைத்த பிறகுதான். வண்டியோடு வந்த, பெட்ரோல் பீய்ச்சும் 370 சி.சி. இன்ஜெக்டர்களை வைத்துக்கொண்டு, ட்யூன் செய்யாமல் பூஸ்ட்டை மட்டும் ஏற்றுவது பிஸ்டனோடு சூதாடுவது.

குறைகள் இல்லாமலில்லை. சோலினாய்டு ஓயாமல் டிக் டிக் என்கிறது. முதலில் ஃபயர்வாலில் நேராக முடுக்கினேன், கார் முழுக்கக் கடிகாரக் கடை மாதிரி கேட்டது, ரப்பர் புஷ் வைத்துத் தள்ளி மாட்டியபின் பரவாயில்லை. கூட வந்த ஓஸ் மெல்லியது, தூக்கிப் போட்டுவிட்டேன். பிளாஸ்டிக் டீக்களில் ஒன்று கையிலேயே உடைந்தது. இரவில் திரை கண்ணைக் குத்துகிறது, மங்கலாக்கும் வசதி நாலு மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது இரண்டு. சென்சாருக்குப் போகும் ஓஸ் கழன்றால் பெட்டிக்குப் பூஸ்ட்டே தெரியாது, ஏறவில்லையே என்று நினைத்துக் கதவை இன்னும் இறுக மூடும். வண்டி நிற்கும்போது ஓஸைப் பிடுங்கிப் பார்த்தேன், ஓர் எச்சரிக்கையும் வரவில்லை. இரண்டாவது, அந்த சேஃப்டி பூஸ்ட் போயே போய்விட்டது. இன்ஜின் தட்டினால் கம்ப்யூட்டர் அணைப்பது பழைய சோலினாய்டுகளை, அவற்றில்தான் இப்போது ஓஸே இல்லையே! 1989இலேயே யோசித்து வைத்திருந்த பாதுகாப்பை இந்தப் பெட்டி சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறது, தாளில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதனால் மாதம் ஒரு தடவை கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு எண்ணைப் பார்க்கிறேன். 55 வந்தால் பிரச்சினை இல்லை என்று அர்த்தம், 34 வந்தால் தட்டலை உணரும் நாக் சென்சாரில் கோளாறு. அது வந்த அன்றே கீழ் நிலைக்கு மாற்றிவிடுவேன்.

யார் வாங்கலாம் என்றால், இசட்32 மாதிரி இரண்டு டர்போவும் சேர்ந்தே ஊதுகிற வண்டி, ஓஸும் ஆக்சுவேட்டரும் சரியாக இருக்கிறது, ட்யூனும் மாற்றியாயிற்று, அப்படியானால் தாராளமாக வாங்கலாம். கம்பெனி பூஸ்ட்டிலேயே ஓட்டப்போகிறீர்கள் என்றால் வேண்டாம், புது ஓஸ் போதும். மாஸ்டா எஃப்.டி. ஆர்.எக்ஸ்-7, டொயோட்டா ஜே.இசட்.ஏ.80 சுப்ரா வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அவசரப்பட வேண்டாம், அவை ஒன்றன்பின் ஒன்றாக எழும் டர்போக்கள். ஆர்.எக்ஸ்-7இல் 10 வந்து, 4,500 பக்கம் 8க்கு இறங்கி, மறுபடி 10 வருவது கம்பெனி வைத்த முறை, அதற்கு ப்ரீகன்ட்ரோல், வேஸ்ட்கேட் என்று தனித்தனிச் சோலினாய்டுகள். ஒற்றைச் சோலினாய்டை வைத்துக்கொண்டு அங்கே போனால் அது வேறு கதை.

இடது பக்கக் கதவின் அச்சில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது, ஐடிலில் கலகலவென்று சத்தம் வருகிறது. டர்போவை இறக்கினால்தான் பார்க்க முடியும். இறக்கும்போது அந்த இரண்டு ஸ்பேனரும் கிடைக்கலாம்.